இங்கு எல்லாம் எழுதப்படும்

வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். சைக்கிளில் பாண்டிருப்புக்குப் போய், போர்டு எழுதுகிற செல்வத்திடம் என் பெயர்ப் பலகையை வாங்கி வந்து வாசல் படலையில் அடிக்க வேண்டும்.

ஐம்பது தாண்டிய மனிதனுக்குப் பெயர்ப் பலகை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள். நானும் அதையே என்னிடம் கேட்டுக்கொண்டுதான் சைக்கிளை மிதித்தேன்.

எல்லாம் மச்சான் அனிபாவால் வந்தது. மனைவியின் தம்பி. கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்ட நாளிலிருந்து அவருடைய கடையில் பிளாஸ்டிக் வாளிகள் முகடுவரை ஏறிவிட்டன. ஆணி நிறுக்க ஆள் போதவில்லை. அவர் கண் என்மேல் விழுந்தது.

"மச்சான், நீங்க என்ன தொழில் செய்யிற?"

"எழுத்து."

"அது தெரியும். என்ன எழுத்து?"

எதைச் சொல்ல? வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் மனு எழுதுவேன். கல்யாணம் என்றால் வாழ்த்துப்பா. மௌத்து என்றால் அனுதாபப்பா. அவசரத்தில் இரண்டுக்கும் கடைசி வரிகள் ஒன்றாகவே அமைந்துவிட்டதும் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் அதைக் கண்டுபிடிக்கவில்லை. தேர்தல் வந்தால் இரண்டு பக்கத்துக்கும் மேடைப் பேச்சு எழுதுவேன். என்னை நானே திட்டி, என்னை நானே எதிர்த்துத் தோற்ற தேர்தலும் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நாவல் கிடக்கிறது. வாலிபத்தில் தொடங்க நினைத்தது. முதல் வசனம் இன்னும் அமையவில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மச்சான் முடிவாகச் சொன்னார்: "வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய வருவன். இன்ன எழுத்துத்தான் என்ட தொழில் எண்டு ஒண்டச் சொல்லுங்க. அதுல நீங்க எழுதின ஒண்டக் காட்டுங்க. மறுகா நான் வாய் துறக்க மாட்டன். இல்லாட்டி சனிக்கிழமையில இருந்து ஆணி!"

அந்தப் பயத்தில்தான் செல்வத்திடம் ஓடிப் பலகைக்குச் சொல்லியிருந்தேன். என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் அவரும் அதே கேள்வியைக் கேட்டார்.

"காக்கா, பேருக்குக் கீழ 'எழுத்தாளர்' எண்டு மட்டும் போட்டா வெறுமையாக் கிடக்கும். என்ன எழுதுவீங்க?"

நான் யோசித்தேன். அவருடைய தூரிகை காயும்வரை யோசித்தேன்.

"சரி காக்கா, நீங்க போங்க. நான் பொருத்தமாப் போடுறன்."

பொருத்தமாகத்தான் போட்டிருந்தார். பச்சை நிறப் பலகை. வெள்ளை எழுத்தில் என் பெயர். அதன் கீழே பெரிதாக: 'இங்கு எல்லாம் எழுதப்படும்.' மூலையில் ஒரு பிறை.

"பிறை எதுக்கு செல்வம்?"

"உங்கட ஆக்கள் பார்க்கிற போர்டு. அழகுக்குத்தான் காக்கா. பிறைக்குத் தனியாக் காசில்ல."

பலகையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு சந்தை வழியே வந்தேன். தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒருவர் எழுந்து நின்று ஸலாம் சொன்னார். எனக்கு யாரும் எழுந்து நிற்பதில்லை. எழுத்துக்கு மரியாதை வரத் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என் தாடியையும் பச்சைப் பலகையையும் பிறையையும் சேர்த்துப் பார்த்தால் எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய இடத்தில் மட்டும் நான் யோசிப்பதில்லை.

மச்சான் கடை ஆணியாலேயே பலகையைப் படலையில் அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரு பெண் வந்தார். பின் ஒழுங்கைக்குப் புதிதாகக் குடிவந்தவர். முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்தார். குங்குமப்பூ கரைத்த பன்னீர் ஒரு சின்னக் கோப்பையில் இருந்தது. கூடவே சீவிய தென்னை ஈர்க்கில் ஒன்று.

"லெப்பை, என்ட மகளுக்கு ராவெல்லாம் வயித்துவலி. பீங்கான் ஒண்டு எழுதித் தாங்க."

எங்கள் பக்கத்தில் மார்க்கம் படித்த லெப்பைமார் பீங்கானில் ஓதி எழுதித் தருவார்கள். அதைக் கழுவி நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்பார்கள்.

"லாத்தா, நான் லெப்பை இல்ல. நான் அந்த எழுத்து எழுதுற இல்ல."

"எல்லாம் எழுதுவீங்க எண்டு போட்டிரிக்கே?"

"நான் கதை எழுதுறவன்."

அவர் சற்று யோசித்தார். "பரவால்ல. கதைய எழுதித் தாங்க. கழுவிக் குடிச்சுப் பாப்பம்."

"லாத்தா, பள்ளிக்குப் பக்கத்துலதான் லெப்பை இரிக்காரு. அவரிட்டப் போங்க. வலி கூடினா ஆஸ்பத்திரிக்கும் போங்க!"

"உலையில சோறு கிடக்கு. நீங்க எழுதி வைங்க, நான் வடிச்சிட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

கூப்பிடுவதற்குள் அடுத்தவர் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, ஒரு ஹாஜியார்.

"எழுத்து எத்தின மணிக்கு வெச்சிக்குவம்?"

எத்தனையோ வருடமாக யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று ஏங்கியிருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சுபஹுத் தொழுகைக்குப் பிறகுதான் எழுத்து. அப்பதான் மனசு தெளிவா இரிக்கும்."

"அவ்வளவு விடியவா? சரி. ஆக்கள் எத்தின பேரக் கூட்டி வர?"

"ஆக்களா? ஒருத்தரும் வேணாம். தனிய இருந்துதான் எழுதுவன்."

"தனியவா?" ஹாஜியார் திடுக்கிட்டார். "அப்ப மாப்பிள்ள?"

கல்யாணப் பதிவுக்கும் எங்கள் ஊரில் எழுத்து என்றுதான் பெயர். அது எனக்கு நினைவு வந்தபோது ஹாஜியார் படலையைத் தாண்டிவிட்டார்.

அடுத்தது வள்ளக்கார மீராசா. புது வள்ளத்துக்குப் பெயர் எழுத வேண்டுமாம்.

"மீராசா, அது பெயின்ட் வேலை. பாண்டிருப்புச் செல்வத்திட்டப் போங்க."

"அங்கதான் போன. காக்கா எல்லாம் எழுதுவாரு எண்டு அவர்தான் அனுப்பின."

உள்ளே மனைவி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே பூரித்துப் போயிருந்தாள். "அல்ஹம்துலில்லாஹ்! உங்கட எழுத்துக்கு இவ்வளவு சனமா! நான்தான் இவ்வளவு நாளும் தெரியாம இரிந்த!"

நான் மேசையில் தலையைக் கவிழ்த்தேன். எதிரே வெறுமையாக அந்தப் பீங்கான். பார்த்துக்கொண்டே இருந்தேன்; அது என்னைக் கேட்பதுபோல இருந்தது. மனு எழுதினாய், வாழ்த்து எழுதினாய், உனக்கென்று என்ன எழுதினாய்?

அப்போதுதான் அது வந்தது.

என் நாவலின் முதல் வசனம்! முழுசாக, ஒரு சொல் குறையாமல், வாலிபத்தில் வராதது அன்றைக்கு வந்து முன்னால் நின்றது. எழுந்து போய்த் தாள் தேடினால் போய்விடும். முன்பும் இப்படிப் பறிகொடுத்திருக்கிறேன். கைக்கெட்டிய இடத்தில் ஈர்க்கில் இருந்தது. மை இருந்தது. பக்கமும் இருந்தது, வட்டமாக.

எழுதிவிட்டேன்.

திரும்பத் திரும்ப வாசித்தேன். கண் கலங்கியது. காயட்டும், தொழுதுவிட்டு வந்து தாளில் எழுதுவோம் என்று மேசையிலேயே வைத்துவிட்டு ஜும்ஆவுக்குப் போனேன்.

பள்ளியிலிருந்து மச்சானும் நானும் சேர்ந்தே திரும்பினோம். படலையில் பலகையைப் பார்த்து அவர் நின்றார்.

"எல்லாம் எழுதப்படுமா? மச்சான், நான் ஒண்டல்லவா கேட்ட?"

"பலகைய விடுங்க மச்சான். ஒண்டுதான். நாவல். இண்டைக்குத் தொடங்கிட்டன். முதல் வசனம் உள்ள இரிக்கி. வாசிச்சிட்டு ஆணியப் பத்திக் கதைங்க!"

அவ்வளவு திமிராக நான் ஒருநாளும் பேசியதில்லை.

மேசையில் கோப்பை இருந்தது. ஈர்க்கில் இருந்தது. பீங்கானைக் காணவில்லை.

"இஞ்ச பாருங்க, பீங்கான் எங்க?"

"அந்த லாத்தா வந்து எடுத்துட்டுப் போயிட்டா" என்றாள் மனைவி. "நீங்க எழுதி வெச்சிரிந்ததப் பாத்துட்டு எவ்வளவு துஆ செஞ்சா தெரியுமா!"

நான் ஓடினேன். மச்சானும் ஓடிவந்தார். வள்ளத்துக்காகத் திரும்பவும் வந்து திண்ணையில் இருந்த மீராசா எதற்கென்று தெரியாமலே பின்னால் ஓடிவந்தார்.

பின் ஒழுங்கை வீட்டில் அந்தப் பீங்கான் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. வெள்ளை வெளேரென்று, என் வாலிபம் போல. பக்கத்தில் பாயில் ஒரு குமர்ப்பிள்ளை உட்கார்ந்து சோறும் மீன் ஆணமும் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"லெப்பை!" என்று தாய் ஓடிவந்தார். "குடிச்ச கையோட வலி நிண்டுட்டு! என்ன எழுதின நீங்க?"

நான் பீங்கானைக் கையில் எடுத்துப் புரட்டினேன். மச்சான்தான் சொன்னார்: "நாவல் லாத்தா."

"நாவலா? நல்ல சாமானா இரிக்கே! என்ட மனிசனுக்குக் கோவம் கூட. அவருக்கும் ஒரு நாவல் எழுதித் தாங்க."

மச்சான் அந்தப் பிள்ளையைக் கேட்டார்: "எப்படி மகள் இரிந்த?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தண்ணிதான் கூட."

என் நாவலைப் பற்றி வந்த முதல் விமர்சனம் அது. இன்றுவரை கடைசியும்.

திரும்பி வரும்போது வசனத்தை நினைவில் கூட்டிப் பார்த்தேன். கடல் வந்தது தெரியும். ஒரு பெண் வந்தாள் என்றும் தோன்றுகிறது. நிச்சயமாக ஞாபகம் இருப்பது நடுவில் போட்ட காற்புள்ளி மட்டும்.

மச்சான் படலைவரைக்கும் கூடவே வந்தார். கேலி செய்யப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"மெய்யாவே நாவலா மச்சான்?"

"ஓம்."

"எவ்வளவு நாளா?"

"கல்யாணத்துக்கு முந்தி."

அவர் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். "அப்ப அத எழுதி வைங்களன். சனம் எழுதினதத்தான் வாசிக்கும், உங்கட மனச வாசிக்குமா? இதக் கழட்டிட்டு அந்த ஒண்ட மட்டும் போடுங்க. நான் ஆணிக்கு வேற ஆளப் பாக்கிறன்."

பலகையைக் கழற்றித் திரும்பவும் சைக்கிளில் கட்டினேன். செல்வம் அலுத்துக்கொள்ளவில்லை.

"இப்ப தெளிவாச் சொல்லுங்க காக்கா."

"நாவல் மட்டும்."

"மட்டும்?"

"மட்டும். பிறை வேணாம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். சைக்கிளில் திரும்பும்போது காற்றுக்கூட இலேசாக இருந்தது. தன் கையை நம்பி இருக்கிற எழுத்தாளன் தன் இலக்கு எது என்பதைத் தானே முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் போர்டு எழுதுகிறவர் முடிவு செய்துவிடுவார்.

புதிய பலகை வந்துவிட்டது. 'நாவல் மட்டும்' என்று பெரிய எழுத்தில் போட்டு, மூலையில் இரண்டு கறுத்த பழங்களும் வரைந்திருக்கிறார் செல்வம். அழகுக்குத்தானாம்.

இன்று காலை ஒருவர் கூடையோடு வந்து பழம் கொத்து என்ன விலை என்று கேட்டார். இன்னும் பழுக்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.