நேபாள மந்திரியின் ராஜபாளையத்து அண்ணன்

தம்பி மந்திரியானதைக் கேட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்ட அண்ணன் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். நான் ராஜபாளையத்தில் குடியிருந்தபோது அவர் எங்கள் தெருமுனை நூல் மில்லில், பகல் ஷிஃப்டு வாட்ச்மேனாக இருந்தார்.

நேபாளத்துக்காரர். ஊருக்கு வந்து முப்பது வருஷம். மில்லில் அவர் பெயர் கூர்க்கா. தம்பி கதை தெரிந்த பிறகு நாங்கள் மந்திரி என்றே கூப்பிட்டோம்.

தம்பி பள்ளிக்கூடத்திலேயே செங்கொடி பிடித்தவராம். ராஜா காலத்தில் ஜெயிலுக்குப் போனார், வெளியே வந்தார். கட்சி உடைந்தது, ஒட்டியது, மறுபடி உடைந்தது. எந்தத் துண்டில் தம்பி இருக்கிறார் என்று அண்ணனுக்கே சில மாதம் தெரியாது. கடைசியில் தேர்தலில் ஜெயித்து மின்சார மந்திரியானார். லட்டு கேட்கப் போன என் முன்னால் அண்ணன் முகம் வெளிறி நின்றார்.

“சார், அவன் ஜெயில்ல இருந்தப்ப மூணு வேளை சோறு, பூட்டுன கதவு. நான் நிம்மதியாத் தூங்குனேன். இப்ப கதவு தெறந்து கெடக்கு. எவன் வேணாலும் உள்ள வருவான்.”

அதோடு விட்டாரா? மறுநாள் தெருவில் கரண்ட் போனதும் வீடு வீடாக வந்து, “மன்னிச்சிக்கோங்க, தம்பி புதுசு, பழகிருவான்” என்றார். அவர் தம்பிக்கும் எங்கள் டிரான்ஸ்பார்மருக்கும் என்னய்யா சம்பந்தம் என்று சிடுசிடுத்தேன்.

“அங்கயும் இப்படித்தான சார் போகும்? அங்க யாரு வீடு வீடாப் போயி மன்னிப்புக் கேப்பா?”

அங்கே ஆட்சி கவிழ்ந்தது. அண்ணன் சந்தோஷமாகத் தேங்காய் உடைத்தார். ஆனால் அடுத்த ஆட்சியில் தம்பி குடிநீர் மந்திரியாகித் தொலைத்தார். எங்கள் தெருக் குழாய் வாரம் ஒருமுறை இருமும். தையல்கார ஜெபமணி அக்கா இடுப்பில் காலிக் குடத்தோடு மில் கேட்டுக்கே போய்விடுவார்.

“ஏன் மந்திரி அண்ணாச்சி, எட்டு நாளாச்சு. ஒங்க தம்பி என்னதான் செய்தாவ?”

“இன்னைக்கே பேசுதேன்க்கா.”

அக்கா விளையாட்டுக்குத்தான் கேட்பார். இவருக்கு விளையாட்டு புரியாது. தெருவே கையெழுத்துப் போட்ட மனுவையும் என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் குடிநீர் அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார். நீங்கள் யார் என்றார் அதிகாரி. “குடிநீர் மந்திரியோட அண்ணன்.” அதிகாரி எழுந்து நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், மனுவில் ‘உடனே கவனிக்கவும்’ என்று கையெழுத்துப் போட்டார். பிறகுதான் எந்த ஊர் மந்திரி என்று கேட்கத் தோன்றியது. குடித்த டீயைத் திரும்ப வாங்க முடியுமா? உடைந்த குழாயை மாற்றிக் கொடுத்தார்கள். தண்ணீர் மட்டும் அதன் இஷ்டத்துக்குத்தான் வந்தது.

அப்புறம் அந்தச் செய்தி வந்தது. காத்மாண்டுவில் ஜனங்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள், மந்திரிகளின் வீடுகள் எரிகின்றன. தம்பியின் போன் சுவிட்ச் ஆஃப். அண்ணன் ஒரு கையில் போனும் மறு கையில் சார்ஜருமாக கேட்டில் நின்றார். அவர் எழுத வேண்டிய லாரி நம்பர்களை நோட்டில் டிரைவர்களே எழுதிவிட்டுப் போனார்கள். எனக்கே இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான் அவர் பக்கத்தில் நிற்கையில், பக்கத்துத் தெருவுக்குத் தண்ணீர் எடுக்கக் கிளம்பிய ஜெபமணி அக்கா அந்த வழியாக வந்தார். அந்த நிலைமையிலும் இவர் கேட்டார்.

“அக்கா, தண்ணி வந்துச்சா?”

ஒன்பது நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. அக்கா காலிக் குடத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“வந்துச்சு அண்ணாச்சி. எம்புட்டுத் தண்ணிங்கிய, கொடம் பத்தல. ஒங்க தம்பி நல்லா இருப்பாவ.”

“எங்க வீட்டுத் தொட்டி வழியுது” என்றேன் நானும்.

மறுநாள் காலையில் போன் வந்தது. பதவி போயிற்று, வீடு எரிந்து போயிற்று, தம்பி ஒரு பழைய வாத்தியார் வீட்டு மாட்டுக் கொட்டகையில் பத்திரமாக இருந்தார். அண்ணன் அழுது முடித்துத் தேங்காய் வாங்கப் போனார்.

அவர் திரும்பி வந்ததைப் பார்த்ததும் ஜெபமணி அக்கா காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றினார். இப்போது எந்த மந்திரியிடம் கேட்கப்போகிறீர்கள் என்றேன்.

“பதவி தம்பிக்குத்தான போச்சு? நமக்கு அவியதான் மந்திரி. செத்த நேரம் திட்டலன்னா மனசு ஒடிஞ்சிருவாவ.”

நானும் வீட்டுக்குள் போய் ஒரு காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு அக்காவுக்குப் பின்னால் நடந்தேன்.