கூட்டாத வாசல்

விடிந்து கதவைத் திறந்த எலிசன் சகாலா படியிலேயே நின்றுவிட்டார். வாசல் சுத்தமாக இருந்தது.

முந்தின நாள் மாலை முதுகு ஒடியப் பரப்பிய மாமரச் சருகு ஒன்றுகூட இல்லை. செம்மண்ணில் துடைப்பம் இழுத்த கோடுகள் வரிவரியாக ஓடின. வேலி ஓரத்தில் புகை.

பக்கத்து வீட்டு ஞிரோங்கோ அம்மா துடைப்பத்தோடு நிமிர்ந்தாள். அந்த ஊரில் பெரியவர்களை மரியாதைக்கு 'பா' போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

"எழுந்துட்டீங்களா, பா சகாலா? உங்க வீட்டம்மா இல்லாம இந்த வாசல் கிடக்கற கிடையைப் பார்க்கச் சகிக்கலை. அதான் கூட்டி எரிச்சுட்டேன்."

"எரிச்சுட்டீங்களா?"

"பரவாயில்லை, இதுக்கெல்லாம் நன்றி எதுக்கு?"

"அம்மா, அது குப்பை இல்லை. மூடாக்கு. வெயில்ல மண்ணு காயாம இருக்க நானே போட்டது."

"நீங்களே போட்டதா?"

"நானேதான்."

அவள் துடைப்பத்தை வேலியில் சாய்த்து வைத்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

லுசாகாவில் அது அக்டோபர், மழைக்கு முந்தின வெயில் காலம். குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர். சகாலாவுக்கு டிசம்பரோடு தபால் நிலைய வேலை முடிகிறது. ஜனவரியிலிருந்து காலையில் எழுந்து போக ஓர் இடம் வேண்டும். இல்லாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான். உட்கார்ந்து பார்த்த இரண்டு பேரை அவருக்குத் தெரியும். இருவரும் அடுத்த வருடத்தைப் பார்க்கவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் பொதுத் தோட்டத்தில் பாத்தி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒன்று. கேட்கிறவர் முதலில் தன் வாசலில் செய்து காட்ட வேண்டும். சருகை எரிக்கக் கூடாது, மண்ணில் பரப்ப வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சேர்த்து வைத்துச் செடிக்கு ஊற்ற வேண்டும். சனிக்கிழமை செயலாளர் நேரில் வந்து பார்ப்பார்.

அவருடைய மனைவி எனெலெசி முப்பது வருடமாக விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் கூட்டுகிறவள். அவர் பரப்பினார். அவள் கூட்டினாள். மறுபடி பரப்பினார். மறுபடி கூட்டினாள். நாலாம் நாள், "தோட்டத்துக்கு மனுவை என் பேர்ல போடுங்க. மண்வெட்டி பிடிக்கத் தெரிஞ்சவ நான்தான்" என்றாள்.

சகாலா சிரித்தார்.

அன்றைக்கே அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று வாரம் ஆகிறது. போகும்போது மண்வெட்டியையும் ரப்பர் பூட்ஸையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். தன்னை எரிச்சல்படுத்தவே எடுத்துப் போயிருக்கிறாள் என்று சகாலா முடிவு செய்தார். போய்க் கூப்பிடுவதில்லை என்றும் முடிவு செய்தார்.

வியாழக்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆறு சாக்குச் சருகு கேட்டு வாங்கி வந்து பரப்பினார். ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கேட்டில் தொங்கவிட்டார்:

'இந்த வாசலை யாரும் கூட்ட வேண்டாம்.'

இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. தெருவுக்கும் தெளிவாகவே புரிந்தது. சாவு விழுந்த வீட்டில்தான் துடைப்பத்தைத் தொடமாட்டார்கள்.

மாலை அவர் வேலையிலிருந்து திரும்பியபோது வாசலில் பதினோரு பேர் இருந்தார்கள். பெண்கள் சருகின் மேல் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் விறகு மூட்டியிருந்தார்கள். விறகு பற்ற வைக்க அவருடைய சருகில் இரண்டு சாக்கு போயிருந்தது. ஞிரோங்கோ அம்மா மக்காச்சோள மாவுப் பையை அவர் காலடியில் வைத்தாள்.

"அழுதுடுங்க, பா சகாலா. மனசுல வெச்சுக்காதீங்க."

"யாருக்காக அழணும்?"

பெண்கள் ஓவென்று குரலெடுத்தார்கள்.

"சொந்த ஊருக்கே கொண்டுபோய் அடக்கம் பண்ணிட்டீங்களாக்கும். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள் ஞிரோங்கோ அம்மா.

சகாலாவுக்கு இப்போதுதான் விளங்கியது.

"எனெலெசி உயிரோடதான் இருக்கா! அவ அக்கா வீட்ல சந்தோஷமா இருக்கா!"

"சந்தோஷமாத்தான் இருப்பாங்க," என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர் முவிங்கா. "நல்ல மனுஷிக்கு நல்ல இடம்தான் கிடைக்கும்."

"யோவ், இரு. நீயே பேசு."

போனை எடுத்து மனைவியை அழைத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி நீட்டினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கட்டாயிற்று. மறுபடி அழைத்தார். போன் அணைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் சொல்லிற்று.

ஞிரோங்கோ அம்மா போனை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்தாள்.

"எங்க சித்தப்பாவும் இப்படித்தான்," என்று முவிங்கா பக்கத்தில் இருந்தவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "சித்தி போய் நாலு மாசம் அவங்க நம்பருக்கு ரீசார்ஜ் பண்ணிக்கிட்டே இருந்தாரு."

"வேணும்னே அணைச்சு வெச்சிருக்கா!" என்று கத்தினார் சகாலா.

"ஆமாங்க, ஆமாங்க," என்றாள் ஞிரோங்கோ அம்மா. "உள்ள வாங்க. களி கிண்டியிருக்கு."

அவர் கோபத்தில் இரண்டு தட்டு சாப்பிட்டார். துக்கத்தில் சிலருக்குப் பசி எடுக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமையும் வந்தார்கள். சருகில் இன்னும் இரண்டு சாக்கு போயிற்று.

சனிக்கிழமை விடிந்ததும் சகாலா யோசித்தார். எல்லாம் அந்த அட்டையால் வந்த வினை. போய் அதைக் கழற்றி அடுப்பில் போட்டார்.

அட்டையைக் கழற்றினால் துக்கம் தீர்ந்தது என்று அர்த்தம். துக்கம் தீர்ந்தால் வீடு கூட்ட வேண்டும். அவர் குளித்துவிட்டு வெளியே வருவதற்குள் சர்ச் பெண்கள் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு துடைப்பங்களோடு வேலையை முடித்திருந்தார்கள். மிச்சச் சருகு வேலி ஓரத்தில் எரிந்துகொண்டிருந்தது. ஒரு வாரமாகச் சேர்த்த பாத்திரம் கழுவிய தண்ணீரை, நாறுகிறது என்று சாக்கடையில் ஊற்றி, பீப்பாயைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

கேட்டில் ஒரு தொப்பிக்காரர் நின்றார். கையில் தடித்த பேரேடு.

"கபாசோ. பொதுத் தோட்டச் செயலாளர். பா சகாலா நீங்கதானே?"

கபாசோ வாசலைப் பார்த்தார். தரை மொட்டையாகப் பளபளத்தது.

"மூடாக்கு எங்க?"

"எரிச்சுட்டாங்க."

"கழுவின தண்ணி?"

"கொட்டிட்டாங்க."

கபாசோ பேனாவைத் திறந்தார். பேரை அடிக்கத்தான் திறக்கிறார் என்பது தெரிந்தது.

"ஐயா, கொஞ்சம் இரக்கம் காட்டுங்க," என்று ஞிரோங்கோ அம்மா குறுக்கே வந்தாள். "துக்க வீடு. பொண்டாட்டி போய் மூணு வாரம்தான் ஆகுது."

பேனா நின்றது.

"அடடா. மனுவுல எழுதலையே நீங்க. துணையை இழந்தவங்க வீட்டை நாங்க சோதிக்கறதில்லை. அவங்களுக்குத்தான் முதல் இடம்." கபாசோ தொப்பியைக் கழற்றினார். "நிஜமா, பா சகாலா?"

சகாலா வெறுந்தரையைப் பார்த்தார். ஜனவரியை நினைத்தார். நாற்காலியை நினைத்தார். மூன்று நாளாக உண்மையைச் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒருவரும் நம்பவில்லை. அவள் போனையாவது எடுத்திருக்கலாம்.

தலையைக் குனிந்துகொண்டார்.

"முப்பது வருஷம்," என்றார். "நல்லா வாசல் கூட்டுவா."

பன்னிரண்டு பெண்களும் அழுதார்கள். கபாசோ கண்ணைத் துடைத்துக்கொண்டு பேரேட்டைத் திறந்தார்.

"கவலைப்படாதீங்க. குழாய்ப் பக்கமாவே தர்றேன். வீட்டு நம்பர்?"

"நாற்பத்தொண்ணு."

கபாசோ எழுத ஆரம்பித்து நிறுத்தினார். இரண்டு பக்கம் பின்னால் புரட்டினார். ஒரு வரியில் விரலை வைத்தார். கேட்டில் இருந்த எண்ணைப் பார்த்தார். சகாலாவை மேலும் கீழும் பார்த்தார்.

"வீட்டுக்கு ஒண்ணுதானே, ஐயா. நாற்பத்தொண்ணுக்குப் போன வாரமே கொடுத்தாச்சு. பாவம், மண்வெட்டியும் பூட்ஸுமா வந்து நின்னு அப்படி அழுதாங்க. எனெலெசி சகாலா, விதவை. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"