நாலு கோழியும் ஒரு ‘ம்’மும்

பேரன்பும் மதிப்பும் கொண்ட அண்ணன் அவர்களுக்கு,

தங்கள் ஒரே தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாகவே இருப்பீர்கள். கோழி வாங்கித் தந்தவர்கள் எப்போதும் சுகமாகத்தான் இருப்பார்கள். வாங்கிக்கொண்டவர்கள் பாடுதான் திண்டாட்டம். போனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுவேன், தாங்களும் “சரி விடு, சரி விடு” என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

கோழிக்கு முன்னால் ஒருமுறை தாங்கள் இங்கே வந்தபோது நடந்ததை நினைவுபடுத்துகிறேன். பிஸ்கட் கம்பெனியை மூடியதிலிருந்து தங்கள் மாப்பிள்ளை பின்வாசலில் நாற்காலியைப் போட்டு மதில்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பிட வாங்க என்றால் ‘ம்’. குளித்தாச்சா என்றால் ‘ம்’. அத்தனை வருஷம் அடுப்பு முன்னால் நின்று ஒரு தட்டுப் பிஸ்கட்கூடக் கருகாமல் பார்த்துக்கொண்ட மனுஷன், தன் காபியில் ஆடை படிவதைக்கூடப் பார்ப்பதில்லை. தாங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அவருக்குக் கவனிச்சுக்க ஏதாவது வேணும்மா. நாலு கோழி கொண்டாந்து விடறேன். முட்டை எடுக்கக் குனிஞ்சு நிமிர்ந்தாலே மனுஷன் தானா பேச ஆரம்பிச்சிடுவாரு” என்றீர்கள். சொன்னபடியே டிவி வந்த அட்டைப்பெட்டியில் நாலு கோழியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நான் போட்ட காபி ஆறுவதற்குள் வண்டியேறிப் போய்விட்டீர்கள். கூடு எங்கே, தீனி என்ன, ஒன்றும் சொல்லவில்லை. கூடு இல்லாத வீட்டில் கோழியை எங்கே அடைப்பது? குளியலறையில் அடைத்தோம். கூடு வரும்வரை நாலு பேர் பார்க்கத்தான் குளித்துவிட்டு வேலைக்குப் போனேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என்னோடு போர்வை மடிப்பவள் என் தலைமுடியிலிருந்து ஒரு இறகை எடுத்துக் கையில் கொடுத்து, “அக்கா, வீட்டுல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டாள்.

பிறகு தச்சரைப் பிடித்தேன். எங்கள் பழைய துணி அலமாரியைப் படுக்கப்போட்டு, கம்பிவலை அடித்துக் கூடாக்கித் தருகிறேன் என்றார். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் இவரிடம், “கதவை மதில் பக்கமா வைக்கட்டுமா, வீட்டுப் பக்கமா வைக்கட்டுமா சார்?” என்று கேட்டிருக்கிறார். இவர் ‘ம்’ என்றிருக்கிறார். முதலில் கேட்டதற்குத்தான் ‘ம்’ என்று தச்சர் எடுத்துக்கொண்டார். நகராமல் இருக்கச் சுற்றிச் சிமெண்டும் பூசிவிட்டுப் போய்விட்டார். இப்போது கூட்டைத் திறக்க வேண்டுமானால், இந்த உடம்பை வைத்துக்கொண்டு, மதிலுக்கும் கூட்டுக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து, மூச்சை இழுத்துப் பிடித்துக் கையை நீட்ட வேண்டும். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்று கேட்டேன். “ம்” என்றார்.

தோட்டத்தைப் பற்றி எழுதவே மனம் வரவில்லை. கீரைப் பாத்தியைக் கிளறிக் கிளறி மண்ணோடு மண்ணாக்கிவிட்டன. தக்காளி பழுக்கட்டும் என்று நான் காத்திருந்தேன், அவையும் காத்திருந்தன. அவை எனக்கு முன்னால் எழுந்துகொள்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். ரோஜாத் தொட்டியில் உட்கார்ந்து மண்ணை வாரி வாரி மேலே போட்டுக்கொள்கின்றன. அது அவற்றுக்குக் குளியலாம். எதிர்வீட்டு டீச்சர் சொன்னார். அப்படியென்றால் என் குளியலறையில் இருந்தபோது ஏன் குளிக்கவில்லை?

முட்டையோ கண்ணிலேயே படவில்லை. “கோழி மிரண்டா முட்டை போடாது. வீட்டுல சண்டை கிண்டை உண்டா?” என்று டீச்சர் கேட்டார். “சண்டை போடறதுக்குப் பேச்சு வேணுமே டீச்சர்” என்றேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் ஒருநாள் ஒரு முட்டை கிடந்தது. ஓடே இல்லை, வெறும் தோல். எடுத்தால் கையில் பலூன்போலத் தொளதொளவென்று ஆடியது. சுண்ணாம்புச் சத்துப் போதவில்லை, முட்டை ஓட்டை நொறுக்கித் தீனியில் கலந்து போடுங்கள் என்றார் டீச்சர். முட்டைக்கு ஓடு வர முட்டை ஓடு வேண்டுமாம். ஆகவே அண்ணா, கோழி வளர்க்கும் உன் தங்கை கடைக்குப் போய் முட்டை வாங்கி வந்து, ஓட்டை உடைத்துக் கோழிக்குப் போட்டாள். கடைக்காரர் கேட்டார், “நீங்க கோழி வெச்சிருக்கீங்கல்ல?” எனக்கும் ‘ம்’ என்றுதான் வந்தது. (‘தாங்கள்’ போய் ‘நீ’ வந்துவிட்டது. கோபத்தில் வந்தது, இருக்கட்டும்.)

இதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கறுப்பி விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. நாலில் அது ஒன்றுதான் இவரிடம் ஒட்டிக்கொண்டது. நாற்காலிக்கு அடியில் போய், இவர் பாதத்தின்மேல் உட்கார்ந்துகொள்ளும். இவரும் காலை அசைக்கமாட்டார். மரத்துப்போனாலும் அசைக்கமாட்டார். சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்க்கும்போதெல்லாம், சரி, அண்ணன் சொன்னது பலிக்கப்போகிறது என்று நினைத்துக்கொள்வேன். போன மாதம் ஒருநாள் வேலை முடிந்து வந்தால் கறுப்பியைக் காணோம். மதிலோரம் ஒரு கைப்பிடி கறுப்பு இறகு கிடக்கிறது. பூனையோ நாயோ, யார் கண்டது. “இங்கயேதானே உக்காந்திருந்தீங்க? அது கத்தியிருக்குமே! ஒரு சூ சொல்லி விரட்டக்கூட வாய் வரலையா?” என்று கேட்டேன். இறகையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். கோழிக்காக இல்லை அண்ணா. நாளைக்கு நான் சமையலறையில் விழுந்து கிடந்தாலும் இந்த மனுஷன் இப்படித்தான் எழுந்து உள்ளே போவாரோ என்று தோன்றிவிட்டது. தோன்றியது தோன்றியதுதான், அதற்குப் பிறகு இந்த வீட்டில் எனக்குத் தூக்கம் இல்லை.

முடிவாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வா. மிச்சம் மூன்று கோழியையும் ஏற்றிக்கொள், என்னையும் ஏற்றிக்கொள். அண்ணி தையல் மெஷின் வைத்திருக்கும் அறையில் ஒரு ஓரம் போதும். அவரைத் தனியாக விட்டுவிட்டு வருகிறாயே என்று நீ கேட்பாய். இப்போதும் அவர் தனியாகத்தான் இருக்கிறார், நானும்தான்.

இதை ஒட்டி மேஜைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிடுவார். யாருக்கு, என்ன என்று பார்க்கக்கூட மாட்டார்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். கோழி வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு குட்டு. நீ நன்றாக இரு. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
கோழிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட
உன் தங்கை.

பி.கு.: மச்சான், கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான்தான். உறையைப் பிரித்துப் படித்துவிட்டேன், தப்புதான். அவள் எழுதியதில் ஒரு திருத்தம்: நான் ‘ம்’ மட்டும் சொல்வதில்லை, ‘ம்ஹும்’ என்றும் சொல்வதுண்டு. இன்னொன்று: கறுப்பி சாகவில்லை. பின்கொட்டகையில், என் கம்பெனிச் சட்டைகளைப் போட்டு வைத்திருக்கும் மரப்பெட்டியில் அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெட்டியைப் பார்த்தால் அவளுக்கு அழுகை வரும், அதனால் அந்தப் பக்கமே போகமாட்டாள். அடைக்கோழி தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போடுமாம். பெட்டியைச் சுத்தம் செய்து மதிலோரம் கொட்டியவன் நான். சேவல் இல்லாத வீட்டு முட்டை பொரியாது என்று தெரிந்து, எதிர்வீட்டுக்குப் போய் டீச்சரிடம் கேட்டேன். ஆமாம், வாயைத் திறந்துதான் கேட்டேன். அவர்தான் சேவல் உள்ள வீட்டிலிருந்து முட்டை வாங்கிக் கொடுத்தார். அவள் அழுதபோதே சொல்லியிருக்க வேண்டும். ஒன்றும் பொரியாமல் போனால், இவன் தொட்டது இதுவும் விளங்கவில்லை என்று ஆகிவிடுமே என்று வாய் அடைத்துவிட்டது. இன்று காலை காதை வைத்துப் பார்த்தேன். இரண்டு முட்டைக்குள் சத்தம் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வண்டியில் யாரையும் ஏற்ற வேண்டாம். கேட் திறக்கும் சத்தம் கேட்கிறது, அவள் வந்துவிட்டாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. போய்ப் பேசுகிறேன்.