பைக்கு அரை டிக்கெட்

மூழ்கும் படகிலிருந்து யாரும் வெறுங்கையோடு வெளியேறக் கூடாது என்று சென்ற ஜூன் மாதம் உல்லாசப் படகுப் பாதுகாப்பு இயக்ககம் முடிவெடுத்தது. இதுவரை மக்கள் வெறுங்கையோடுதான் வெளியேறி வந்திருக்கிறார்கள் என்று சுற்றறிக்கையின் முதல் பத்தி வருத்தம் தெரிவித்தது. இனிமேல் உல்லாசப் படகு ஒவ்வொன்றுக்கும் ‘அவசரக் கலத்துறப்புப் பை’ ஒன்று இருக்க வேண்டும். படகு மூழ்கும்போது அந்தப் பையை எடுத்துக்கொண்டுதான் படகைத் துறக்க வேண்டும். பை இல்லாமல் துறப்பது விதிமீறல். ஓணத்துக்குள் பை தேறாத படகின் உரிமம் ரத்தாகும்.

எங்கள் சுற்றுலாக் கழகத்துக்கு இருப்பது ஒரே ஒரு மோட்டார் படகு. திருவனந்தபுரத்தின் தெற்கு ஓரத்தில், தாழமுக்குக் காயலில் ஓடுகிறது. எட்டுப் பேர் உட்காரலாம். ஓட்டுபவர் ராஜையன், மார்த்தாண்டத்துக்காரர், பத்தொன்பது வருடமாக அதே படகு. படகு ஓடினால் அவருக்கு வேலை உண்டு, ஓடாவிட்டால் இல்லை. நான் கழக அலுவலகத்தில் ஒப்பந்த உதவியாளர். பெயர் பொன்செல்வி. பையைத் தயார் செய்து கையெழுத்திடும் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால் எந்தத் தாளையும் அடிக்குறிப்பு வரை படித்துவிடுவேன். படிக்காமல் விட்ட வரியில்தான் வம்பு இருக்கும் என்பது என் பயம்.

காயலின் ஆழம் எவ்வளவு என்று படிவம் கேட்டது. ராஜையனிடம் போனேன்.

"நடுவுல எனக்கு இடுப்பளவு. மழைக்குக் கொஞ்சம் கூடும். மத்தபடி உக்காந்தாத்தான் முங்க முடியும்."

"இதை எப்படி அண்ணாச்சி எழுதுறது?"

"யாரும் உக்காராதீங்கன்னு எழுது மக்ளே." பிறகு படகின் அடிப்பக்கத்தைக் காட்டினார். "பை எல்லாம் வை, வேண்டாங்கல. இங்க ஓட்டை கெடக்கு பாத்தியா? ரெண்டு மாசமா சொல்லுதேன். ஒரு கை அகலத்துக்கு ஃபைபர் ஒட்டினா தீந்துச்சு. நான் சாயங்காலம் சாயங்காலம் தண்ணிய கோரி ஊத்திட்டுத்தான் வீட்டுக்குப் போறேன்."

ஆழத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டு, ஓட்டையைப் பற்றி அவர் சொன்னதை மனுவாக எழுதி, மேற்பார்வையாளர் நாகேஸ்வரன் சார் மேசையில் வைத்தேன். ஸ்ரீவராகம் அக்ரகாரத்துக்காரர். இத்தனை வருடத்தில் அவர் கையெழுத்திட்ட ஒரு கோப்பும் திரும்பி வந்ததில்லை என்று பெயர்.

"சுற்றறிக்கை எதைப் பத்தி?" என்று கேட்டார்.

"படகு மூழ்கினா என்ன பண்ணணும்னு, சார்."

"இந்த ஓட்டை?"

"மூழ்கறதுக்கு முன்னாடி உள்ளது, சார்."

"அதைத்தான் பார்த்தேன். மூழ்கினதுக்கு அப்பறம் உள்ளது நம்ம செக்‌ஷன். மூழ்காம இருக்கறதுக்கு எங்கேயும் செக்‌ஷன் கிடையாது கேட்டியோ. இப்போ ஓட்டையை அடைச்சா, பை என்னத்துக்குன்னு மேலே கேள்வி வரும். முதல்லே பை பாஸ் ஆகட்டும். ஓட்டை எங்கே போயிடப் போறது?"

உண்மைதான். ஓட்டை எங்கும் போகவில்லை.

பட்டியலில் இருபத்து மூன்று பொருள்கள். ஏதோ பெருங்கடல் உள்ள நாட்டில் எழுதியதை அப்படியே எடுத்திருந்தார்கள். பயணி ஒருவருக்கு மூன்று நாள் உணவு, மூன்று லிட்டர் தண்ணீர். விமானங்களுக்குச் சைகை காட்டக் கண்ணாடி. மீன் தூண்டில். கரை தென்படும்வரை மனம் தளராமல் இருக்கச் சீட்டுக்கட்டு. எங்கள் காயலில் கரை எல்லாப் பக்கமும் எப்போதும் தென்படும். எதிர்க்கரையில் ஆவுடைத்தாய் அக்காவின் டீக்கடை. கொதிக்கும் பாலின் வாசம்கூடப் படகுக்கு வரும். ஆனாலும் சீட்டுக்கட்டு வாங்கினேன்.

தூண்டிலில் சிக்கல் வந்தது. படகுத்துறையில் ‘இங்கு மீன் பிடிக்கக் கூடாது’ என்று பலகை இருக்கிறது. பலகையை எடுத்தால் ஒரு விதிமீறல், தூண்டில் இல்லாவிட்டால் இன்னொன்று. இரண்டு வாரக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு பலகையில் ஒரு வரி சேர்த்தோம்: ‘மூழ்கியவர்கள் நீங்கலாக.’

உணவில் நாகேஸ்வரன் சாருக்கு ஒரு ஐயம். "பிஸ்கட் சரி. ஏகாதசி அன்னிக்கு முங்கினா?" ஆகவே விரதக்காரர்களுக்குத் தனியாக அவலும் வெல்லமும் வைத்தேன். பதினாறாவது பொருள் பாஸ்போர்ட்.

"காயலுக்கு அந்தப் பக்கம் என்ன நாடு மக்ளே?" என்றார் ராஜையன்.

"பட்டியல்ல இருக்கு அண்ணாச்சி."

"ஆவுடைத்தாய் கடைக்கு இனி விசா வேணுமோ?"

கடைசியில் அவருடைய ரேஷன் கார்டின் சான்றிட்ட நகலை வைத்து, பாஸ்போர்ட்டுக்கு ஈடாக ஏற்கும்படி கேட்டு எழுதினேன். அன்றைக்கு ராஜையன் மத்தியானமும் தண்ணீர் கோரிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "ஓட்டைக்கு சர்க்குலர் வரலல்லா, அதான் அது பாட்டுக்கு வளருது" என்றார்.

பையை எடை போட்டேன். நாற்பத்தாறு கிலோ. அங்கேதான் அடிக்குறிப்பு குறுக்கே வந்தது: நாற்பத்தைந்து கிலோவுக்கு மேற்பட்ட எந்தச் சுமையும் ஒரு பயணியாகக் கருதப்படும். படகில் எட்டுப் பேர்தான் போகலாம். பை ஒரு பயணி என்றால் ஆட்கள் ஏழு பேர். ஏழு பேர் என்றால் ஏழு பேருக்குத்தான் உணவும் தண்ணீரும். ஒருவருக்கு ஐந்து கிலோ குறைந்ததும் பை நாற்பத்தொரு கிலோ ஆனது. நாற்பத்தொரு கிலோ பை பயணி அல்ல. அப்படியானால் ஆட்கள் மறுபடி எட்டுப் பேர். எட்டுப் பேருக்கு உணவு வைத்தால் மறுபடி நாற்பத்தாறு கிலோ.

இதை நேர்மையாக எழுதி மேலே அனுப்பினேன். கோப்பு நான்கு முறை போய் வந்தது. போகும்போது பை பயணியாக இருந்தது. வரும்போது சுமையாக இருந்தது. ஐந்தாம் முறை தீர்வோடு வந்தது: பையை அரைப் பயணியாகக் கருதலாம்.

"அப்போ ஆட்கள் ஏழரைப் பேர், சார்," என்றேன்.

"ஏழரைன்னு எழுதாதே, கோப்புக்கு ஆகாது. ஏழு பெரியவா, ஒரு குழந்தைன்னு எழுது."

அரைப் பயணி என்பதால் ஒவ்வொரு சவாரிக்கும் பைக்கு அரை டிக்கெட் கிழிக்க உத்தரவானது. குழந்தை அளவில் ஒரு லைஃப் ஜாக்கெட்டும் வாங்கி மாட்டினோம். சரியாக இருந்தது.

அந்த வாரம்தான் இயக்ககம் கைலாஷை அனுப்பியது. துறப்பு அனுபவ வடிவமைப்பாளர். இருபத்தாறு வயது, வெள்ளைக் காலணி. படகில் ஏறச் சொன்னால், "வேண்டாம் சேச்சி, எனக்குத் தண்ணி ஒரு கான்செப்ட் மட்டும்தான்" என்பார். பையின் காக்கி நிறம் பயத்தை உண்டாக்குகிறது என்று சொல்லிச் சாம்பல் கலந்த நீலத்துக்கு மாற்றினார்.

"சார், ஓட்டைய பாத்தீங்களா?" என்று ராஜையன் அவரையும் கேட்டார்.

"பார்த்தேன் சேட்டா. ரொம்ப ரியலா இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

பையைக் கட்டிப்பிடித்தபடி காயலைப் பார்த்து நிற்கும் ஒரு பெண்ணைக் கைலாஷ் ரீல் எடுத்துப் போட்டார். ‘எல்லாம் மூழ்கும் நாளில் உங்கள் கையில் என்ன இருக்கும்?’ என்று கேட்டது அந்த ரீல். நகரம் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டது. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து பையோடு படம் எடுத்தார்கள். படகில் ஏறவில்லை. அதே நிறத்தில் பை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மாலுக்குப் போவது வழக்கமானது. பதினான்காம் மாடியில் குடியிருக்கும் ஒரு பல் மருத்துவர், துறப்புப் பை இல்லாமல் லிஃப்டில் ஏறுவதை நிறுத்திவிட்டதாக எங்கள் முகநூல் பக்கத்தில் எழுதினார். இருநூறு பேர் அவரைப் பாராட்டினார்கள். ராஜையன் காலையிலும் கோரத் தொடங்கியிருந்தார்.

ஓணத்துக்கு எட்டு நாள் முன்பு ஆய்வு அதிகாரி பத்மஜா மேடம் வந்தார். இருபத்து மூன்று பொருளையும் எடுத்துப் பார்த்தார். சீட்டுக்கட்டை எண்ணினார், ஜோக்கரோடு. பிறகு பையை மூடி அரக்கு முத்திரை வைத்தார்.

"பை பாஸ். பக்ஷே மோளே, இனி இது ஸ்டாக். ஒரு பிஸ்கட் நனைஞ்சாலும் நீதான் பதில் சொல்லணும். ஈரம் இல்லாத இடத்துல வைக்கணும்னு ரூல் உண்டு, அறியுமல்லோ?"

"படிச்சேன் மேடம். ஆனா படகுல ஈரம் இல்லாத இடம் கிடையாது."

"பின்னே ஆபீஸ் அலமாரில வை. போட்ல சர்டிஃபிகேட் மட்டும் இருந்தா மதி."

பையை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ‘இப்படகுக்குப் பை உண்டு’ என்ற சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையிட்டுப் படகின் அரை இருக்கையில் வைத்தோம். காற்றில் பறந்துவிடாமல் இருக்கக் குழந்தை லைஃப் ஜாக்கெட்டை அதற்குக் கட்டினோம்.

உரிமத்தில் கையெழுத்திட ஒரு வெள்ளோட்டம் பாக்கி. பத்மஜா மேடம், நாகேஸ்வரன் சார், நான் ஏறினோம். ராஜையன் கயிற்றை அவிழ்க்கவில்லை.

"மேடம், ஓட்டை பெருசாயிட்டு. பைதான் பாஸாயிட்டுல்லா. இன்னைக்கு அடச்சிட்டு நாளைக்குப் போவோமே."

"நாளைக்கு எனக்கு வேறே இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. ஓடாத போட்டுக்கு நான் எங்ஙனே லைசன்ஸ் தர்றது?"

உரிமம் இல்லாவிட்டால் ஓணத்துக்கு ஓட்டம் இல்லை. ராஜையன் என்னைப் பார்த்தார். நான் அடிக்குறிப்பைப் பார்த்தேன். அவர் கயிற்றை அவிழ்த்தார்.

காயலின் நடுவில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. ராஜையன் கோரினார். முழங்காலுக்கு வந்ததும் கோருவதை நிறுத்தினார். படகு யாரையும் அவசரப்படுத்தாமல் கீழே போய்ச் சேற்றில் அமர்ந்தது. நாங்கள் படகுக்குள்ளேயே, இடுப்பளவு தண்ணீரில், எழுந்து நின்றோம்.

"நடந்தா நாலு நிமிஷம்," என்று ராஜையன் ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்தார்.

"நில்லுங்க," என்றார் பத்மஜா மேடம். "பை இல்லாம துறக்கறது விதிமீறல்."

"பை அலமாரியில இருக்கு மேடம்."

"போய் எடுத்துட்டு வரட்டும்."

"போறவங்க பை இல்லாம துறந்த மாதிரி ஆகும் மேடம்," என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அது உண்மை.

நின்றோம். முக்கால் மணி நேரம் ஆனதும் எதிர்க்கரையிலிருந்து ஆவுடைத்தாய் அக்கா ஒரு கையில் தூக்குவாளியும் மறு கையில் கண்ணாடி கிளாஸ்களுமாகத் தண்ணீரில் நடந்து வந்தார்.

"என்ன, எல்லாரும் நின்னுட்டே இருக்கீங்க? ஏதும் வேண்டுதலா?"

அவர் படகில் வந்தவர் அல்ல. ஆகவே துறப்பவரும் அல்ல. சாவியை அவரிடம் நீட்டினேன்.

"எத்தன கிலோ?"

"நாப்பத்தி மூணரை அக்கா. தலைக்கு மேல தூக்கிட்டு வரணும். நனையக் கூடாது."

"என் தலையில வச்சு, தண்ணிக்குள்ள நடந்து, உங்க கையில தந்து, நீங்க அதத் தூக்கிட்டு மறுபடியும் அங்கயே போவீங்க?"

"ஆமா."

"டீயக் குடிங்க. ஆறிப் போகும்," என்றார்.

டீ குடித்ததும் நாகேஸ்வரன் சாருக்கு வழி பிறந்தது. "துறப்புன்னு எதுக்கு எழுதணும்? காயலோட ஆழம் கோப்பிலே இல்லையாக்கும். நாம ஆழம் அளந்துண்டே போறோம்." அவர் முதலில் இறங்கினார். கரைவரை பத்தடிக்கு ஒருமுறை நின்று, "இடுப்பு" என்றார். நான் எழுதிக்கொண்டேன். துறைக்குப் பக்கத்தில் "முழங்கால்" என்றார்.

அறிக்கையை நான்தான் எழுதினேன். வெள்ளோட்டத்தின்போது படகு மூழ்கியது. பையிலிருந்த இருபத்து மூன்று பொருள்களில் ஒன்றுகூட நனையவில்லை, தொலையவில்லை. உயிருக்குச் சேதம் இல்லை. காயலின் ஆழம் முதன்முறையாக அளக்கப்பட்டது. ஒரு வாரத்துக்குள் இயக்ககத்திலிருந்து பாராட்டு வந்தது. எங்கள் பை முன்மாதிரிப் பை என்றும், ஆகவே உரிமம் வழங்கப்படுகிறது என்றும், பழுதடைந்த படகு சேவையிலிருந்து விடுவிக்கப்படுகிறது என்றும், பையைக் காக்க ஒரு காவலரை நியமிக்கலாம் என்றும் இருந்தது. படகு ஓட்டுநரின் கையெழுத்து அறிக்கையில் விடுபட்டிருப்பதையும் சுட்டிக்காட்டியிருந்தார்கள்.

ராஜையனிடம் அறிக்கையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீயே வாசி."

வாசித்தேன்.

"இதுல எது பொய்?"

"ஒரு வரியும் இல்ல அண்ணாச்சி. நாலு தரம் சரி பார்த்தேன்."

"ஓட்டைய பத்தி?"

"அத பத்திப் பொய் எழுதலை. எழுதவே இல்லை."

துறையில் படகு இல்லாத இடத்தில் கயிறு மட்டும் கிடந்தது.

"கையெழுத்து போட்டா என்ன கிட்டும்?"

"பைக் காவல் வேலை உங்களுக்குத்தான். யூனிஃபார்ம் உண்டு. என் ஒப்பந்தத்தையும் ஒரு வருஷம் நீட்டுவாங்க."

"போடலன்னா?"

"படகு எப்படியும் இல்லை அண்ணாச்சி."

பேனாவை வாங்கினார். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டு, அதையும் தெளிவாக எழுதினார்.

ஓணத்தன்று நுழைவாயிலிலிருந்து சாலை வரை வரிசை நின்றது. பை இருக்கிறது, உரிமம் இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது, ஆகவே கொடுத்தோம். புது யூனிஃபார்மில் ராஜையன் ஒவ்வொருவராக உள்ளே விட்டு, "மெதுவா பிடிங்க, உள்ள மூணு நாள் சாப்பாடு இருக்கு" என்றார். எல்லாரும் பையோடு படம் எடுத்துக்கொண்டு திருப்தியாகப் போனார்கள். படகைக் காணோம் என்று யாராவது எழுதுவார்கள் என்று பயந்து, சாயங்காலம் புகார்ப் புத்தகத்தைத் திறந்தேன். இரண்டு புகார்கள் இருந்தன. ஒன்று, பையின் நீலம் ரீலில் பார்த்த நீலம் இல்லை என்றது. மற்றொன்று, பின்னணியில் காயல் அதிகமாகத் தெரிகிறது, திரை கட்டினால் நன்றாக இருக்கும் என்றது.

திரைக்குக் கோப்பு தொடங்கியிருக்கிறேன்.