பொலிக்ஸேனியின் கோதுமையில்லாப் பலகாரம்

விருந்து வைப்பவர்களில் 'உனக்காகவே செஞ்சேன்' என்று ஓர் இனம் உண்டு. உங்கள் உடம்புக்கு ஏதோ ஒன்று ஆகாது என்று தெரிந்துவிட்டால் போதும், இவர்களுக்குப் பிறவிப் பயன் கிடைத்த மாதிரி. ஆகாததை விட்டுவிட்டு ஆகிறதைக் கொடுக்கலாமே என்கிறீர்களா? அது சாதாரண மனிதர்கள் செய்வது. இவர்கள் ஆகாத பலகாரத்தையே எடுத்து, அதிலிருந்து ஆகாததை மட்டும் உருவிவிட்டு, மீதியைத் தட்டில் வைத்து, நீங்கள் விழுங்கும்வரை எதிரில் நின்று, தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு கேட்பார்கள்: "வித்தியாசமே தெரியலைல்ல?" தெரிகிறது என்று சொல்லிவிட்டு உயிரோடு திரும்பியவர் எவரும் இல்லை.

கிரீஸில் எங்கள் வோலோஸ் நகரில் இந்த இனத்தின் தலைமைப் பதவியை நெடுங்காலமாக வகிப்பவர் பொலிக்ஸேனி. நல்ல மனசு. அதுதான் ஆபத்தே.

போன ஈஸ்டருக்கு அவள் மகன் ஃபோட்டிஸ், தான் கட்டிக்கொள்ளப்போகும் மிர்டோவை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்துவந்தான். கோதுமையில் இருக்கும் குளூட்டன் துளி உள்ளே போனாலும் அந்தப் பெண்ணின் குடல் புண்ணாகிவிடும். "ஒண்ணே ஒண்ணும்மா, இதுல வெண்ணெய்தான் ஜாஸ்தி, மாவு பேருக்குத்தான்" என்று பொலிக்ஸேனி ஒரு பிஸ்கட்டைக் கையில் திணித்தாள். மூன்று நாள் மிர்டோ எழுந்திருக்கவில்லை. ஃபோட்டிஸ் சத்தம் போடவில்லை. "அம்மா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, இனிமே எல்லாக் கிறிஸ்துமஸும் லாரிஸாவுல மிர்டோவோட அம்மா வீட்லதான்" என்று மட்டும் சொன்னான். ஒரே பிள்ளை.

நியாயமாகப் பார்த்தால் ஒரு தட்டு நிறைய ஆரஞ்சுப்பழம் வைத்தால் காரியம் முடிந்தது. ஆனால் கிறிஸ்துமஸ் அன்றைக்கு, தேனில் ஊறிய மெலோமகாரோனா பலகாரம் இல்லாமல், வருங்கால மருமகள் முன்னால் பழத்தை வைப்பதா? பக்கத்து வீட்டுக்காரிகள் பார்த்துக்கொண்டா இருப்பார்கள்? டிசம்பர் முதல் தேதியே அடுப்பை மூட்டினாள்.

முதலில் அரிசி மாவு. வெந்ததென்னவோ அழகாகத்தான் வெந்தது. தேன்பாகில் போட்டதும் கரைந்து கஞ்சியாகிவிட்டது. அடுத்தது சோள மாவு. அதைக் கடிக்க முயன்ற பல்லுக்குப் பல் டாக்டரிடம் ஜனவரியில் நேரம் வாங்கியிருக்கிறார்கள். மூன்றாவது, கடலை மாவு. அதைப்பற்றி இனிமேல் பேசுவதில்லை என்று குடும்பத்தில் முடிவாகியிருக்கிறது. கொத்தனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவள் புருஷன் ஸ்டாத்திஸ் நான்காவதை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"மணல் நல்ல மணல்தான். சிமென்ட் போட மறந்துட்டியே, பொலிக்ஸேனி."

"வாயை மூடிட்டுத் தின்னு."

"மூடினா எப்படித் தின்றது?"

இருபத்துமூன்றாம் தேதி ஆறாவது தடவை. அரிசி மாவு, உருளைக்கிழங்கு மாவு, ஆரஞ்சுச் சாறு, ஆலிவ் எண்ணெய், பட்டை, கிராம்பு, ஒரு மூடி பிராந்தி. பிடித்தால் உதிர்ந்தது. அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. அப்போது கை தானாக அலமாரிக்குப் போய், வருஷா வருஷம் மெலோமகாரோனாவில் சேர்க்கிற ரவையை எடுத்து இரண்டு கரண்டி போட்டது. கோதுமை மாவு கூடாது என்றார்கள், சரி. ரவை கூடாது என்று யாராவது சொன்னார்களா? மாவு வெள்ளை, ரவை மஞ்சள். மாவு பறக்கும், ரவை பறக்காது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

உருண்டை பிடித்தது. வெந்தது. பாகில் முங்கியும் குலையாமல் நின்றது. பொலிக்ஸேனி மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று வீடு நிறைய சொந்தக்காரர்கள். ஆளுக்கொன்று எடுத்து வாயில் போட்டார்கள். "வித்தியாசமே தெரியலை!" என்றார்கள். இந்த வாக்கியம் அன்றைக்குத்தான் முதன்முதலாக உண்மையாக இருந்தது.

"அத்தை, மாவெல்லாம் எந்தப் பாக்கெட்?" என்று கேட்டாள் மிர்டோ.

இதைவிட வேறென்ன வேண்டும்? பாக்கெட்டுகளை வரிசையாக அடுக்கிக் காட்டிவிட பொலிக்ஸேனி சமையலறைக்கு ஓடினாள். பெயரெல்லாம் சரியாகச் சொல்லவேண்டுமே என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். ரவைப் பாக்கெட்டின் பின்னால், எறும்பு அளவு எழுத்தில் இருந்தது: கோதுமை, நூறு சதவீதம்.

"மாதாவே!"

கூடத்தில் சிரிப்புச் சத்தம். கதவிடுக்கில் பார்த்தாள். ஃபோட்டிஸின் முகம் பூரித்துப்போயிருந்தது. "சாப்பிடு மிர்டோ, அம்மா ஒரு மாசமா இதுக்காகவே கெடந்து அல்லாடுறாங்க" என்றான். மிர்டோ ஒன்றை எடுத்தாள். அறுபது பலகாரத்துக்கு இரண்டு கரண்டி. இந்தப் பெண் தின்கிற ஒன்றில் எத்தனை ரவை மணி இருக்கும்? பாக்கெட்டை அலமாரிக்குள் தள்ளிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? சொன்னால் பிள்ளை லாரிஸாவுக்கு. சொல்லாவிட்டால், ஒருவேளை, ஒன்றும் ஆகாமலே போகலாம். பொலிக்ஸேனி அலமாரிக் கதவைத் திறந்தும்விட்டாள்.

அடுத்த நொடி கூடத்துக்குள் பாய்ந்து மிர்டோவின் கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பலகாரம் பறந்துபோய் ஸ்டாத்திஸின் புதுச் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

"தின்னாதேம்மா! அது கோதுமை! ரவையும் கோதுமையாம்! எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது!"

ஃபோட்டிஸ் எழுந்து கோட்டைத் தேடினான்.

"உக்காரு, ஃபோட்டிஸ்" என்றாள் மிர்டோ. "நான்தான் வாய்ல வைக்கலையே." பிறகு பொலிக்ஸேனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, அடுத்த கிறிஸ்துமஸும் இங்கதான். ஆனா அடுப்படியில நான் இருப்பேன். நீங்க சோபாவுல இருப்பீங்க."

பொலிக்ஸேனி மகனைப் பார்த்தாள். சமையலறைக் கதவைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கதவுக்குள் இன்னொருத்தி கரண்டி பிடித்ததில்லை.

"சரிம்மா" என்றாள்.

ஐந்து நிமிஷம்தான் தாங்கினாள்.

"அரிசி மாவை மட்டும் நான் சலிச்சு வச்சிரட்டுமா?"

"வேணாம் அத்தை."

இவ்வளவும் படித்துவிட்டு, 'பாவம், அறுபதுக்கு இரண்டு கரண்டி ரவைதானே, அதில் என்ன ஆகிவிடப்போகிறது' என்று உங்களுக்கு ஒரு நொடி தோன்றியிருந்தால், தயவுசெய்து உங்கள் விலாசத்தை எனக்குத் தெரிவியுங்கள். அந்தப் பக்கம் வரும்போது சாப்பிட்டுவிட்டே வருகிறேன்.