ஆம்லெட்டில் மீன் வாடை

இனிமேல் கோழிகளுக்குத் தீவனம் கலப்பது என் இலாகா என்று அறிவித்தேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று ஓர் இலாகா இருந்ததில்லை. பண்ணை என் மனைவியுடையது, கோழிகள் அவளுடையவை, நானும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி. ஒரு கோழி கொக்கரிப்பதைக் கேட்டே, முட்டை போட்டுவிட்டதா, சும்மா பீற்றிக்கொள்கிறதா என்று அவள் சொல்லிவிடுவாள். அந்த வித்தையை இன்றுவரை வாய் பிளந்துதான் பார்க்கிறேன்.

"தாராளமா கலங்க," என்றாள். "கலக்குறது நீங்க, போடுறது நான்."

எதிர்ப்பே இல்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

சோயா புண்ணாக்கு விற்கிற விலைக்கு அதைக் கோழிக்குப் போடாமல் நாமே தின்றுவிடலாம். எண்ணெய் மில்லிலோ ரேப்சீட் புண்ணாக்கு சல்லிசாகக் கிடைத்தது. சோயாவை அறவே நிறுத்திவிட்டு இதைப் போடுவது, மிச்சமாவதைக் காட்டி மனைவியை அசத்துவது. இதுதான் என் ரகசியத் திட்டம்.

"ரேப்சீடுன்னா கடுகுக்கு ஒண்ணுவிட்ட தம்பி," என்றார் மில்காரர். "கசக்கும். கொஞ்சமா ஆரம்பிச்சு மெதுவா ஏத்தணும். அளவு மீறினா கோழி தீனி எடுக்காது, கழுத்துச் சுரப்பி வீங்கிடும். பழுப்பு முட்டை போடுற கோழின்னா இன்னும் ஜாக்கிரதை. முட்டையில மீன் வாடை வரும்."

"கோழி முட்டையில மீன் வாடையா? போங்கண்ணே, அப்புறம் மீன் முட்டையில கோழி வாடை வரும்பீங்க!"

எங்களிடம் வெள்ளை முட்டைக் கோழியும் உண்டு, பழுப்பு முட்டைக் கோழியும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே கலவைதான் என்று முடிவு கட்டினேன். விடிவதற்கு முன் எழுந்து, மூட்டை சுமந்து, மக்காச்சோளம் அரைத்து, மூச்சிரைக்கக் கலந்து அவளிடம் ஒப்படைத்தேன். முதுகு விண்டுபோனாலும் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

பிறகு ஒரு காலை, ஆம்லெட் வந்தது. ஒரு துண்டை வாயருகே கொண்டுபோனேன். மீன் கடைக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது.

மில்காரர் சொன்னது நிஜம்! எனக்குப் பக்கென்றது. எங்கள் முட்டையில் பெரும்பகுதி ஒரே ஒரு பேக்கரிக்குத்தான் போகிறது. கேக்கில் மீன் நாறினால் பேக்கரி கையை விட்டுப் போகும், பண்ணையும் போகும், அப்புறம் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

"என்னங்க, ஆம்லெட் நல்லா இல்லையா?"

"பிரமாதம்!"

"அப்ப இன்னொண்ணு போடவா?"

"வேணாம்... சரி, போடு."

வேண்டாமென்றால் ஏனென்று கேட்பாள். கலப்பதை நிறுத்தினால் புண்ணாக்கு மூட்டை மிஞ்சும், அதையும் கேட்பாள். ஆகவே தினமும் கலந்தேன், தினமும் தின்றேன். தெருப் பூனைகள் என்னை மரியாதையோடு பின்தொடர ஆரம்பித்தன.

கடைசியில் பேக்கரிக்காரரே நேரில் வந்துவிட்டார். கடையை விட்டு அசையாத மனிதர். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன்.

"மன்னிச்சிடுங்க! தப்பு என்னோடதுதான். சோயாவை நிறுத்திட்டு முழுக்க ரேப்சீட் புண்ணாக்கு கலந்தேன். அதான் முட்டையில மீன் வாடை. இவளுக்கு ஒண்ணுமே தெரியாது!"

பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார்.

"மீன் வாடையா? முட்டை நல்லா இருக்கு, இன்னும் கூடத் தர முடியுமான்னு கேக்க வந்தேம்மா."

"தர்றோம் அண்ணே. இவர் பேசுறதைக் கண்டுக்காதீங்க."

அவர் போனதும் அவள் பக்கம் மெல்லத் திரும்பினேன்.

"அப்ப உனக்கு..."

"நீங்க மூட்டையை வண்டியில ஏத்துறதுக்குள்ள மில்காரர் எனக்கு போன் பண்ணிட்டாரு. நீங்க அரைச்ச சோளத்துல பாதியை எடுத்து, சோயா சேர்த்து நான் தனியா கலந்தேன். வெள்ளைக் கோழிக்கு அதோட உங்க கலவையைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினேன். இப்ப தீவனத்துல பத்துல ஒரு பங்கு ரேப்சீட். அதோட நிறுத்திக்கிட்டேன். நல்லா தின்னுது, முட்டையும் குறையல. பழுப்புக் கோழிக்குக் கண்ணுலயே காட்டல."

"அப்ப என் ஆம்லெட்?"

"மீன் வாடை வருதான்னு பாக்க வேணாமா? ரெண்டே ரெண்டு பழுப்புக் கோழிக்கு மட்டும் கொஞ்சமா போட்டுப் பாத்தேன். அந்த முட்டையை விக்க முடியுமா? அதான் உங்களுக்கு."

கோபம் வரவேண்டிய இடம். எனக்கு வந்ததோ பிரமிப்பு. வெள்ளைக்கு எவ்வளவு, பழுப்புக்கு எவ்வளவு, புருஷனுக்கு எவ்வளவு என்று அளந்து போட்டிருக்கிறாள். ஒரு கோழிக்கும் கெடுதல் இல்லை, ஒரு முட்டையும் வீணாகவில்லை. இப்பேர்ப்பட்டவளையா நான் அசத்தப் பார்த்தேன்! கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. கை வலியில் கை எழும்பவில்லை.

"எல்லாம் தெரிஞ்சிருந்தும் என்னை ஏன் முதல் நாளே நிறுத்தல?"

"நிறுத்தியிருந்தா மூட்டையெல்லாம் யாருங்க தூக்குறது?"