கிரைண்டரில் சுழன்ற தோட்டாக் கூடுகள்

பிளானோ, டெக்சாஸ்
புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் சபரிநாதன் அவர்களுக்கு, கோபாலசாமி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நான், மகள் யாமினி, மாப்பிள்ளை கவின் மூவரும் நலம். உங்கள் தங்கை ராஜலக்ஷ்மியும் உடம்பளவில் நலமே. பொள்ளாச்சியில் தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். போனில் என்றால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள். இது சிரிக்கிற விஷயம் இல்லை. சனிக்கிழமை காலையிலிருந்து உங்கள் தங்கை என்னோடு பேசவில்லை. அண்ணன் சொன்னால் கேட்பாள். தாங்கள் ஒரு வார்த்தை சொல்லி அவளைப் பேசவைக்க வேண்டும்.

மாப்பிள்ளை ஞாயிறுதோறும் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போகிறார். பயப்பட வேண்டாம், இந்த ஊரில் அது கேரம் ஆடுவது மாதிரி. சுட்டபின் தரையில் விழுகிற பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிவந்து, கரி போகச் சுத்தம்செய்து, மறுபடி வெடிமருந்து நிரப்பிக்கொள்கிறார். ஒருநாள் என்னிடம், "மாமா, நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாரு. இதைக் கிளீன் பண்ண எந்த மெஷின் நல்லதுன்னு பார்த்துச் சொல்லுங்க, ஆர்டர் பண்ணிடறேன்" என்றார். இந்த வீட்டுக்கு வந்த பதினொரு மாதங்களில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் அபிப்பிராயம் அது. சந்தோஷத்தில் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மூன்று வாரம் படித்தேன். வகை மூன்று. ஒன்று, அதிரும் கிண்ணம். வால்நட் ஓட்டுத் தூளைப் போட்டுக் கூடுகளைக் குலுக்குவது. நன்றாக மெருகேறும், ஆனால் தூசி பறக்கும். இரண்டாவது, தண்ணீரும் சோப்பும் எஃகு ஊசிகளும் போட்டுச் சுழற்றும் டிரம். உள்ளும் புறமும் பளிச்சென்று ஆகும், ஆனால் ஊசிகளைப் பொறுக்கியெடுக்க வேண்டும், கூடுகளைக் காயவைக்க வேண்டும். மூன்றாவது, ஒலி அலையால் அழுக்கை உதறும் தொட்டி. இடுக்கெல்லாம் சுத்தமாகும், மெருகு வராது. எதை எழுதினாலும் மறுநாள் காலையில் மற்றொன்று நல்லதாகத் தோன்றியது. அறிக்கை பதினான்கு பக்கம் ஆனது. நான்காம் பக்கத்தில், சுட்ட கூட்டில் காரீய நஞ்சின் படிவு இருக்கும், ஆகவே இதற்குப் பயன்பட்ட எந்தப் பாத்திரமும் அடுக்களைக்குள் வரக்கூடாது என்று எழுதி, ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டேன்.

மாப்பிள்ளை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கடைசியில எதுங்க மாமா வாங்கறது?" என்றார். அது மட்டும் அறிக்கையில் இல்லை.

சோதனை செய்து பார்த்தால் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். கராஜ் அலமாரியில் நாங்கள் கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்த பழைய கிரைண்டர் இருந்தது. அடுக்களையில் புதிது வந்தபிறகு அதைக் கழித்துக்கட்டிவிட்டார்கள் என்றே நம்பினேன். குழவிக் கல்லை எடுத்துவிட்டால் அது இரண்டாம் வகை டிரம்தானே. நாற்பது கூடு, தண்ணீர், சோப்பு, ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பு, இருபது நிமிடம். அவ்வளவு பளபளப்பை எங்கள் கல்யாணப் பாத்திரங்களில்கூடக் கண்டதில்லை. அப்புறம்தான் என் புத்தி வேலைசெய்தது. ஆய்வகப் பழக்கம் போகுமா? டிரம்மை மூன்று முறை கழுவித் துடைத்து, கல்லை மாட்டி, மேலே கிடந்த துணியைக்கூட மடிப்பு மாறாமல் போர்த்தி, இருந்த இடத்திலேயே வைத்தேன். யாரும் தொட்டதாகவே தெரியாது. ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கலாம். தோன்றவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. தமிழ்ச் சங்கத்தில் காலை உணவு, எழுபது பேர், பாதிக்குமேல் குழந்தைகள். இட்லிப் பொறுப்பை உங்கள் தங்கை தானே கேட்டு வாங்கியிருந்தாள். இரண்டு அண்டா மாவு கார் டிக்கியில் ஏறிவிட்டது. அடுக்களையில் புதுக் கிரைண்டர் பெல்ட் அறுந்து கிடந்தது. அப்படியானால் எதில் ஆட்டினாய் என்று கேட்டேன். அவள் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டே, "கராஜ்ல இருக்கற பழசுலதானுங்க" என்றாள்.

முதலில் குளியலறைக்குப் போய், ஒரு கவரின் பின்புறத்தில், ஒரு இட்லிக்கு எவ்வளவு காரீயம் என்று கணக்கிட்டேன். மிகச் சொற்பம் என்று வந்தது. தசமப் புள்ளியைச் சந்தேகித்தேன். மறுபடி போட்டேன், வேறு விடை வந்தது. வெளியே கார் கிளம்பும் சத்தம். மச்சான், முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் நான் பிரின்ஸ்பாலிடம் ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை. அன்று ஓடிப்போய்க் காரின் முன்னால் நின்றேன், லுங்கியோடு.

"மாப்ள, வண்டிய நிறுத்துங்க. அந்த மாவுல இட்லி ஊத்தக் கூடாது."

எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். யாமினி அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா யாமினியைப் பார்த்தாள். உங்கள் தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டு, இறங்கிவந்து, இரண்டு அண்டாவையும் குப்பைப் பையில் தானே கவிழ்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சங்கத்தில் எல்லோரும் டோனட் சாப்பிட்டார்களாம். நான் போகவில்லை. அன்றிலிருந்து சாப்பாடு வைக்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. எழுபது பேர் முன் அவள் கைமணத்துக்கு நேர்ந்த அவமானம் என்னால்தான். தாங்கள்தான் பேச வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கங்கள், பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்க மருதமலையானை வேண்டுகிறேன்.

தங்கள் அன்பு மறவாத,
கோபாலசாமி

பின்குறிப்பு: கடிதத்தை உறையிலிடும்போது உங்கள் தங்கை வந்து வாங்கிப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நான்கு நாளில் முதல்முறையாகப் பேசினாள். பழைய கிரைண்டரை அவள் தொடவே இல்லையாம். பெல்ட் அறுந்ததும் யாமினியோடு போய், இந்தியக் கடையில் டப்பா டப்பாவாக மாவு வாங்கி, அண்டாவில் ஊற்றிவைத்தாளாம். "நானே ஆட்டறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிப்போட்டனுங்க. நீங்க வந்து வண்டிக்கு முன்னால நிக்கறீங்க. கடை மாவுன்னு மாப்ள முன்னால எப்படிங்க சொல்றது? அதான் கொட்டிட்டேன். நீங்க அன்னைக்கு மூஞ்சி வேர்த்து நின்னதப் பார்த்துட்டு, அப்புறம் உங்க மூஞ்சியப் பார்க்கவே கூச்சமாப் போச்சு" என்றாள். ஆகவே தாங்கள் அவளிடம் எதுவும் பேச வேண்டாம். குறிப்பாக மாவைப் பற்றி. அண்ணனுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று சொல்லிவிட்டு, தபால்தலையை அவளே ஒட்டினாள்.